வீரையன் மாற்றாமல் விட்ட குழாய்

வீரையனுக்குக் குழாய் வேலை தெரியும் என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கட்டிய மனைவிக்குத் தெரியாது, பெற்ற மகளுக்கும் தெரியாது. இத்தனைக்கும் துபாயில் இருபத்தெட்டு வருஷம் அவர் பார்த்தது அந்த ஒரு வேலையைத்தான்.

ஊருக்குச் சொல்லியிருந்தது வேறு. ஏ.சி. கம்பெனியில் சூப்பர்வைசர். சட்டை கசங்காத உத்தியோகம். அந்தப் பொய்யை அவர் ஆசைப்பட்டுச் சொல்லவில்லை. அது தொடங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது.

அவருடைய அப்பா அரசப்பன் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பண்ணையாள். நாற்றுப் பறிக்கவும் வரப்பு வெட்டவும் களத்தில் தாளடிக்கவுமாக வருஷம் முழுக்கப் பண்ணையிலேயே கிடந்தவர். அடைமழைக் காலத்தில் பண்ணைவீட்டுக் கொல்லைச் சாக்கடை அடைத்துக்கொண்டால் அவருக்குத்தான் ஆள் வரும். பதினைந்து வயதில் வீரையனும் கூடப் போயிருக்கிறார். இடுப்பளவுக் குழிக்குள் இறங்கிக் கையால் அள்ளி வெளியே போடவேண்டும். வேலை முடிந்ததும் அந்த வீட்டுக் காரியக்காரன் பத்தடி தள்ளி நின்று ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றுவான். அதுதான் குளியல். அப்பாவின் முதுகில் அந்தத் தண்ணீர் பட்டுத் தெறித்த சத்தம் வீரையன் காதை விட்டுப் போகவே இல்லை.

தொண்ணூற்றொன்றில் நாகப்பட்டினத்து ஏஜென்ட் ஒருவர் மூலமாக விசா கிடைத்துப் போனார். ஹெல்ப்பர் என்றுதான் போட்டிருந்தது. கம்பெனி அவரைக் கழிவுக்குழாய் ஆட்களோடு சேர்த்துவிட்டது. முதல் நாளே பதினாலாவது மாடியில் அடைத்துக்கொண்ட கக்கூஸ் குழாயைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தார், அங்கேயே வாந்தியெடுத்தார். கடலைத் தாண்டி வந்தும் இறங்கியது அதே குழிக்குள்தானா என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது இன்னொரு சங்கடம் எதிரே நின்றது. மனைவி காத்தாயிக்குப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் தபால்காரர்தான் டீக்கடை வாசலில் நிறுத்திவைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். சுற்றிலும் நாலு பேர் காது கொடுப்பார்கள், அதில் பண்ணைவீட்டு ஆட்களும் இருப்பார்கள். 'அரசப்பன் மவன் துபாய்க்குப் போயும் பீக்குழியத்தான் அள்ளுறான்' என்று ஒரே ஒருவன் சொல்லிவிட்டால் போதும். வீரையன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, 'ஏ.சி. கம்பெனியில் வேலை, சூப்பர்வைசர் போல' என்று எழுதினார். அடுத்த கடிதத்தில் அந்தப் 'போல' இல்லை.

வேலையை அவர் வெறுத்துக்கொண்டே கற்றார், ஆனால் நன்றாகக் கற்றார். ஐந்தாறு வருஷத்தில் முழு பிளம்பர் ஆகிவிட்டார். பிறகு பழைய கட்டடங்களின் பராமரிப்புக்கு மாற்றினார்கள். அங்கேதான் அவருக்கென்று ஒரு பெயர் உண்டாயிற்று. ஒரு குழாய்க்கு இன்னும் ஆயுள் இருக்கிறதா, ஒட்டுப்போட்டு ஓட்டலாமா, முழுக்கப் பிடுங்கி எறிய வேண்டுமா என்பதை அவர் சொன்னால் சரியாக இருக்கும். காலையில் முதல் வாளித் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார். எந்தக் குழாயில் தண்ணீர் மெலிந்து விழுகிறது என்று வீடு வீடாகத் திறந்து பார்ப்பார். குழாயும் குழாயும் சேர மரை கடைந்த இடத்தில் பூத்திருக்கும் துருவை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். ஒரு கசிவை அடைத்த இரண்டு மாதத்துக்குள் பக்கத்தில் இன்னொன்று கசிந்தால் அதற்கு மேல் அவர் யோசிப்பதில்லை. "இது முடிஞ்சது சார்" என்பார். அங்கிருந்த எகிப்துக்கார எஞ்சினியர், பெரிய படிப்புப் படித்தவர், வீரையன் சொன்ன பிறகுதான் கையெழுத்தே போடுவார்.

அந்த மதிப்பையும் அவரால் ஊருக்கு எழுத முடியவில்லை. எழுதினால் வேலை இன்னதென்று தெரிந்துவிடுமே.

தொண்ணூற்றெட்டில் அவர் அனுப்பிய பணத்தில், ஊரை ஒட்டி வயலைத் தூர்த்துப் போட்ட மனையில் வீடு எழும்பியது. மகள் மதிவதனிக்கு அப்போது இரண்டு வயது. வீடு குடிபோகும் விழாவுக்கு விடுப்பில் வந்த வீரையன் கொல்லைப்புறம் ஒரு சுற்றுச் சுற்றியதும் அப்படியே நின்றுவிட்டார். தெருவிலிருந்து குடிதண்ணீர் வரும் குழாயைக் கொத்தனார் சுற்றிக் கொண்டுபோகச் சோம்பல்பட்டு, குறுக்கு வழியாக செப்டிக் டேங்குக்கு ஒரு முழம் தள்ளி மண்ணுக்குள் புதைத்திருந்தார். இரும்புக் குழாய். கழிவுத்தொட்டியும் குடிதண்ணீரும் அவ்வளவு பக்கத்தில் இருக்கவே கூடாது என்பது அந்த வேலையில் ஆறு மாதம் இருந்தவனுக்கே தெரியும்.

"இத இப்புடியா கொண்டாறது?" என்று கேட்டார்.

கொத்தனார் சிரித்தார். "அண்ணே, நீங்க ஏ.சி. பாக்குறவுங்க. கொழாய எங்ககிட்ட விட்ருங்க. நாங்க எத்தன வீடு பாத்திருக்கோம்!"

வீட்டுக்குள் உறவுக்காரர்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வீரையனும் சிரித்துவைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். லீவுகள் வந்தன, போயின. புதிய குழாய், நன்றாகத்தான் இருந்தது. அந்த நினைப்பு மெல்ல மெல்ல மங்கிப்போனது.

கொரோனாவுக்கு முந்தின வருஷம் அவர் ஒரேயடியாக ஊர் திரும்பினார். மதிவதனி எம்.எஸ்ஸி. முடித்துத் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இரண்டு வருஷத்தில் கல்யாணம். மாப்பிள்ளை செழியன் வேளாண்மைத் துறையில் இருந்தான். அவனுடைய அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இவர்களைப் போலவே வயல்காட்டிலிருந்து மேலே வந்த குடும்பம்தான். என்றாலும் ஒரு தலைமுறை முன்னதாகவே படித்துவிட்டவர்கள். பெண் பார்க்க வந்த அன்று, "சம்பந்தி ஏ.சி. கம்பெனில சூப்பர்வைசரா இருந்தவரு" என்று செழியனின் அப்பா தன் பக்கத்து ஆட்களிடம் பெருமையாகச் சொன்னார். வீரையன் தலையைக் குனிந்துகொண்டு காப்பியைக் குடித்தார்.

வீட்டுக் குழாய்கள் இருபத்தைந்து வயதைத் தொட்டன. வீரையன் கண்ணுக்கு ஒவ்வொரு கோளாறாகத் தென்பட ஆரம்பித்தது. காலையில் முதல் தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் வந்தது, நாலு சொம்பு ஊற்றிய பிறகுதான் தெளிந்தது. அடுப்படிக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி இறங்கியது. துவைத்த வேட்டியில் மஞ்சள் திட்டுகள். "தண்ணில என்னமோ மண்ணு வருது" என்று காத்தாயி முணுமுணுத்துவிட்டுப் போனாள். மண் அல்ல, துரு என்று அவருக்குத் தெரியும். வேட்டியை மடித்து அலமாரியில் வைத்தார்.

அந்தப் புரட்டாசியில் மதிவதனிக்கு ஏழு மாதம். தஞ்சாவூரில் வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அவளை விட்டுவிட்டுப் போகச் செழியனும் சம்பந்தியும் கூடவே வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது குளியலறைச் சுவரிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. உள்ளே குழாய் ஓட்டை விட்டிருந்தது.

செழியன் யாரிடமோ விசாரித்து அஸார் என்ற பிளம்பரைக் கூப்பிட்டான். முப்பத்தைந்து வயதுக்காரர், நிதானமான ஆள். சுவரைக் கொத்தி, கசிந்த இடத்தில் ஒரு சாண் துண்டை அறுத்து எடுத்துக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டார்.

"இத ஒரு தடவ பாத்துருங்க. உள்ளாற துரு ஏறி ஏறி, ஒரு பென்சில் நொழையிற அளவுக்குத்தான் ஓட்ட இருக்கு. வீட்டுக்குள்ள ஓடுற லைன் பூரா இப்புடித்தான் இருக்கும். தெருவுலேருந்து வர்ற லைனும் இதே வயசுதான? அதும் போயிருக்கும். மொத்தமா ஒடச்சு மாத்துறதுதான் நல்லது."

காத்தாயி பதறிப்போனாள். "ஒடைக்கிறதா? வயித்துப்புள்ளக்காரி வந்து கால் வெச்ச அன்னிக்கா? மாசமா இருக்கற வீட்டுல கடப்பார போடக்கூடாதுங்க. கொழந்தைக்கு ஆவாது."

"அது ஒரு நம்பிக்கைதான். இருந்தாலும் பெரியவங்க சொல்றத எதுக்கு மீறணும்" என்றார் சம்பந்தி.

அதற்குள் வீரையன் அந்தத் துண்டை அஸார் கையிலிருந்து வாங்கியிருந்தார். வாங்கியது அவருக்கே உறைக்கவில்லை. கட்டைவிரலை உள்ளே விட்டுத் துருவை ஒரு சுற்றுச் சுற்றினார். மரையை நகத்தால் சுரண்டினார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தார். அஸார் அதைக் கவனித்துவிட்டார்.

"அண்ணே, நீங்க நம்ம தொழிலா?"

சம்பந்தி சத்தமாகச் சிரித்தார். "தம்பி, அவரு துபாய்ல ஏ.சி. கம்பெனி சூப்பர்வைசர்!"

"இல்ல, புடிச்ச புடியப் பாத்து கேட்டேன்" என்றார் அஸார்.

செழியன் வீரையன் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்க என்ன சொல்றீங்க? மாத்திரலாமா? ஒரு வாரம் மதிவதனிய நாங்க தஞ்சாவூருக்கே கூட்டிட்டுப் போயிர்றோம். வேல முடிஞ்சதும் கொண்டாந்து விடுறேன்."

அதைவிட நல்ல யோசனையை யாரும் சொல்லியிருக்க முடியாது. சரி என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அத்தனை கண்களும் அவர் கையிலிருந்த துருப்பிடித்த துண்டின் மேல் இருந்தன. சுட்டதைப் போல அதை அஸாரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நமக்கு இதெல்லாம் என்ன தெரியும் மாப்ள. ஒரு கிளாம்ப்பப் போட்டு விடுங்க தம்பி. புள்ள பொறந்தப்பறம் பாத்துக்கலாம்."

அஸார் அந்த ஒரு துண்டை மாற்றி, இணைப்பில் கிளாம்ப் பட்டை போட்டு முறுக்கிவிட்டுப் போய்விட்டார். மாலையில் சம்பந்தியும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வயல்கள் கடலாக நின்றன. வடிகால் வாய்க்கால் ரோட்டுக்கு மேலே ஏறி ஓடியது. வீட்டுக் கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர். கக்கூஸில் தண்ணீர் ஊற்றினால் இறங்க மறுத்தது. செப்டிக் டேங்க் நிரம்பி மண்ணெல்லாம் ஊறிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் காலை தெருத்தண்ணீர் வந்ததும் வீரையன் அடுப்படிக் குழாயின் முதல் சொம்பைப் பிடித்து முகர்ந்தார். லேசான ஒரு வாடை. வேறு யாருக்கும் பிடிபடாது. அந்தச் சொம்பை அப்படியே கொட்டினார். தண்ணீர் வரும் நேரம் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும், உள்ளே இருப்பது ஓட்டை வழியாக வெளியேதான் கசியும். தண்ணீர் நின்றுபோனால் குழாய் வெறுமையாகிவிடும். அப்போது சுற்றி நிற்கிற அழுக்கை அதே ஓட்டை உள்ளே இழுக்கும். மறுநாள் காலை அதுதான் முதலில் வரும். துபாயில் ஒரு கட்டடம் முழுவதையும் காலி செய்ய வைத்தது இப்படி ஒரு குழாய்தான். அதைக் கண்டுபிடித்தவரே இவர்.

"தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடு" என்றார் காத்தாயியிடம். அவள் நாலு நாள் கொதிக்கவைத்தாள். ஐந்தாம் நாள் மறந்தாள். அவர் கேன் தண்ணீர் வாங்கி இறக்கினார். மதிவதனி முகம் சுளித்தாள்.

"அப்பா, தஞ்சாவூர்ல கேன் தண்ணி குடிச்சு குடிச்சு நாக்கே செத்துப்போச்சு. எனக்கு நம்ம வீட்டுத் தண்ணியே குடுங்களேன். வாந்தி நிக்கிறதே இந்தத் தண்ணியக் குடிச்சாதான்."

"கேக்குறா, குடுத்துட்டுப் போறது. கொழாயில வர்ற ஆத்துத் தண்ணி என்ன பண்ணும்" என்று காத்தாயி சொம்பை மகள் கையில் கொடுத்தாள்.

வீரையன் பார்த்துக்கொண்டு நின்றார்.

மழை விட்ட ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். இரண்டு குத்துத்தான் போட்டிருப்பார். சத்தம் கேட்டுக் காத்தாயி ஓடி வந்து கடப்பாரையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? அவ வயித்துல புள்ளய வெச்சுக்கிட்டுப் படுத்திருக்கா, நீங்க பூமியக் குத்துறீங்க!"

"இந்தக் கொழா போயிருச்சு காத்தாயி. மாத்தணும். நான் சொல்றேன்ல."

"நீங்க என்னத்தக் கண்டீங்க கொழாயப் பத்தி? வந்த ஆளே அத அடச்சுக் குடுத்துட்டுப் போய்ட்டாரு. சும்மா வெச்சுட்டு உள்ள வாங்க."

இருபத்தெட்டு வருஷம் நான் பார்த்தது இதைத்தான் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "என்னண்ணே, என்னா வேல?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, தண்ணி வடியட்டும்னு பாத்தேன்" என்றார் வீரையன். கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டார்.

கார்த்திகைக் கடைசியில் மதிவதனிக்குச் சோறு வெறுத்தது. காய்ச்சல் அடித்தது. மாசமானவளுக்கு எல்லாம் வருவதுதான் என்றாள் காத்தாயி. மூன்றாம் நாள் காலை ஜன்னலோரம் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்த மகளின் கண்களை வீரையன் பார்த்தார். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. துபாயில் தொழிலாளர் தங்கும் கேம்ப்பில் ஒரே அறையில் ஒன்பது பேருக்கு அப்படிக் கண் மஞ்சளானது. அவரும் அதில் ஒருவர். காத்தாயி கீழாநெல்லி பறிக்கக் கிளம்பினாள். வீரையன் அவளைத் தடுத்துவிட்டுக் காருக்கு போன் செய்தார்.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டார்கள். செழியன் அங்கே வாசலில் காத்திருந்தான். பரிசோதனை முடிவுகளைப் பார்த்த டாக்டரம்மா வீரையனையும் செழியனையும் அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இது தண்ணியால வர்ற காமாலை. மத்தவங்களுக்கு வந்தா தானா சரியாப்போயிரும், சில பேருக்கு வந்ததே தெரியாது. கடைசி மாசக் கர்ப்பிணிக்கு வந்தா ரொம்ப மோசம். வீட்டுல குடிக்கிற தண்ணி எங்கேருந்து வருது?"

வீரையன் பதில் சொன்னார். எகிப்துக்கார எஞ்சினியரிடம் சொல்லிப் பழகிய மாதிரியே, ஒன்றையும் விடாமல் வரிசையாகச் சொன்னார். இரும்புக் குழாய், இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. செப்டிக் டேங்குக்கு ஒரு முழத்தில் புதைந்திருக்கிறது. உள்ளே துரு அடைத்து, வெளியே அரித்திருக்கும். ஐப்பசி மழையில் தொட்டி ஊறியது. தண்ணீர் நிற்கும் நேரத்தில் கழிவை உள்ளே இழுக்கிறது. காலை முதல் தண்ணீரில் வாடை வந்தது இன்ன வாரத்திலிருந்து.

டாக்டரம்மா எழுதிக்கொண்டே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க இந்த வேலையில இருக்கீங்களா?"

"ஆமாம்மா. பிளம்பர். இருபத்தெட்டு வருசம் பாத்தேன்."

அதை அவர் வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. செழியன் நாற்காலியில் அப்படியே திரும்பி அவரைப் பார்த்தான்.

"அன்னிக்கு நான் கேட்டப்ப தெரியாதுன்னீங்களே மாமா."

அவன் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் வயிற்றிலேயே குழந்தையின் துடிப்பு நின்றுபோனது. பெண் குழந்தை. தலை நிறைய முடி இருந்ததாகக் காத்தாயி பிறகு சொன்னாள். செழியனும் அவனுடைய அப்பாவும் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்கள். வீரையன் பின்னாலேயே வாசல்வரை போனார். சம்பந்தி திரும்பி, "நீங்க பொண்ணுகிட்ட இருங்க" என்றார்.

மதிவதனி ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். பிழைக்கமாட்டாள் என்று இரண்டு தரம் சொன்னார்கள். பிழைத்தாள். வார்டுக்கு மாற்றிய மறுநாள் வீரையன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது அவள் கண்ணைத் திறந்தாள். செழியன் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

"ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சாப்பா?"

"தெரிஞ்சிருந்துச்சும்மா."

"நான் குடிச்சப்ப பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?"

மகள் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்துக்கொண்டாள். அவர் சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவள் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து மதிவதனியை செழியன் வீட்டுக்கே அழைத்துப் போனார்கள். வீரையனும் காத்தாயியும் தனியாக ஊர் திரும்பினார்கள். மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் வீரையன் கொல்லையில் இறங்கித் தோண்டத் தொடங்கிவிட்டார். தெருவே பார்த்தது. அவர் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. புதைந்துகிடந்த குழாயை வெளியே எடுத்தபோது அதன் துரு கையிலேயே பொலபொலவென்று உதிர்ந்தது. செப்டிக் டேங்க் பக்கத்தில் மட்டும் எண்ணிப் பார்த்தார், பதினோரு ஓட்டை.

செய்தி கேட்டு அஸார் வந்தார். புதிய பிளாஸ்டிக் குழாயை வீட்டின் மறுபக்கமாக, தரைக்கு மேலேயே, வளைவு வளைவாக வீரையன் கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு அளவுகூடப் பிசகவில்லை. அறுத்த இடத்தில் பிசிறு இல்லை.

"இவ்ளோ சுத்தமா வேல தெரிஞ்சவுங்க... அன்னிக்கு ஏண்ணே?" என்று தொடங்கியவர், வீரையனின் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டார். குனிந்து குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தார்.

காத்தாயி அன்றைக்குத்தான் முழுவதையும் கேட்டாள். கடிதம் எழுதியது, தபால்காரர், டீக்கடை, பண்ணைவீட்டு ஆட்கள் என்று வீரையன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கேட்டு முடித்து அவள் எழுந்து நின்றாள். கல்யாணமான நாள் முதல் 'நீங்க' என்றே பேசியவள்.

"சேத்துல நின்னு நாத்து நட்டவகிட்ட சொல்ல ஒனக்கு வெக்கமாய்யா? நான் என்ன கலெக்டர் மவளா? எங்கப்பன் செத்த மாட்ட இழுத்துப் போட்டவன். என்கிட்டயா மறைச்ச?" அவள் கொல்லைப் பக்கம் கையை நீட்டினாள். "நீ அந்த வேலக்காரன்னு தெரிஞ்சிருந்தா, நீ கடப்பாரைய எடுத்தப்ப நான் புடிச்சிருப்பனா? கொழாயப் பத்தி என்னத்தக் கண்டீங்கன்னு கேட்டுட்டேனே. அந்த வாயால கேட்டுட்டேனே."

வீரையன் இத்தனை வருஷம் பயந்த பேச்சு மட்டும் வரவே இல்லை. ஒருவரும் கேலி பேசவில்லை. பண்ணைவீடு எப்போதோ விற்றுப்போய் அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. அந்தக் குடும்பத்தில் யாரும் ஊரில் இல்லை. டீக்கடையில் இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டிய அதே பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "அண்ணே, எங்க வீட்டுக் கொழாயையும் ஒரு நட பாத்துச் சொல்லுங்களேன்" என்று நின்றார். வீரையனுக்கு அவர்மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது. போய்ப் பார்த்தார். முழுக்க மாற்ற வேண்டும் என்று சொன்னார்.

இப்போது அஸாரோடு சேர்ந்து வேலைக்குப் போகிறார். பழைய வீடுகளைப் பார்க்க அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். இனிக்கப் பேசத் தெரியாது. காலைத் தண்ணீர் கலங்கி வந்தால், ஒரு கசிவை அடைத்து அடுத்தது கிளம்பினால், "மாத்துங்க" என்று ஒரே சொல்தான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இழுத்தால் அவருக்கு முகம் மாறிவிடும். ஒரு வீட்டில் மாசமான பெண் இருப்பதைப் பார்த்துவிட்டு, உடனே தோண்டவேண்டும், அதுவரைக்கும் அந்தப் பெண்ணை இங்கே வைத்திருக்காதீர்கள் என்று வாசலில் நின்று சண்டையே போட்டார். அபசகுனமாகப் பேசுகிறான் கிழவன் என்று வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

மதிவதனி அதற்குப் பிறகு ஊருக்கு இரண்டே தடவைதான் வந்தாள். ஒரு கல்யாணத்துக்கு, ஒரு சாவுக்கு. இரண்டு தடவையும் காலையில் வந்து மாலையில் கிளம்பிவிட்டாள். அப்பாவிடம், "சாப்டீங்களா", "ஒடம்பு எப்புடி இருக்கு" என்று கேட்பாள். சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டால் ஆறிவிடும் என்று வீரையன் காத்திருக்கிறார். அவள் போடவில்லை.

போன மாசி மாதம் செழியன் காத்தாயியின் போனுக்குப் பேசினான். மதிவதனிக்கு மறுபடி ஏழு மாதம், பிரசவம் தஞ்சாவூரிலேயே, அத்தை வந்து கூட இருந்தால் நல்லது என்றான். காத்தாயி பையைக் கட்டினாள். வீரையன் கதவருகே நின்று அவள் புடவைகளை மடித்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

காத்தாயி நிமிரவில்லை. "வர வேணாம்னு சொல்லல. வாங்கன்னும் சொல்லல."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார். தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னலோர இடமாகப் பார்த்து அவளை உட்காரவைத்தார். பஸ் கிளம்பியதும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு அஸாருக்கு போன் போட்டு, இன்றைக்கு வேலை எந்த வீட்டில் என்று கேட்டுக்கொண்டு நடந்தார்.